'வருத்தம்' என்றால் கவலை இல்லை! முகாம் தமிழர்கள் உடலோடு நடத்தும் போராட்டம்

"ரெண்டு நாளா ஒரே வருத்தம் டாக்டர்..."

சேலத்துக்காரர் காதில் இது விழுந்தால், "என்ன கவலை உங்களுக்கு?" என்றுதான் கேட்பார். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வருத்தம் என்றால் நோய். மாத்திரை அங்கே குளிசை, ஜலதோஷம் தடிமன், தலைவலி தலையிடி, சர்க்கரை நோய் சீனி வருத்தம். ஒரே மொழிதானே என்று நினைக்கிறோம். ஓ.பி. சீட்டோடு நிற்கும் பாட்டிக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள், மண்டபம் முகாம் வழியாகத் தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சேலம் மாவட்டத்தில் பவளத்தானூர், குறுக்குப்பட்டி, நாமக்கல்லில் பரமத்தி வேலூர் என இந்தப் பக்கமும் முகாம்கள் உண்டு. 2021-ல் அரசு சொன்ன கணக்குப்படி, தமிழகம் முழுக்க முகாம்களில் மட்டும் 58,822 பேர். வெளியே தங்கியிருப்பவர்கள் 34,087 பேர்.

தற்காலிகம் என்று சொல்லிக் கட்டிய சிறிய அறைகளில்தான் பல குடும்பங்கள் பத்து, இருபது வருடங்களைக் கழித்தன. சேலத்துச் சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே மதியம் படுக்க முடியுமா? அதே அறையில் அடுப்பு, குழந்தை, இருமும் பெரியவர். காசநோய் போன்ற காற்றில் பரவும் நோய்களுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல், பொதுக் கழிப்பறை. இருட்டில் அவ்வளவு தூரம் போக வேண்டுமே என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவது, வந்தாலும் அடக்கிக்கொள்வது. இப்படி நாள்கணக்கில் செய்தால் சிறுநீர்த் தொற்று, கல் எல்லாம் தேடி வரும். டாக்டர் "நிறைய தண்ணி குடிங்கம்மா" என்பார். குடித்தால் எங்கே போவது என்று அவர் எழுதித் தர முடியாது.

ஆண்களில் நிறைய பேருக்கு பெயின்ட் வேலை. பழைய சுவரைச் சுரண்டும்போது பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற கட்டுப்பாடு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த சுவர்கள் எத்தனை! சாரத்திலிருந்து விழுந்தால் தினக்கூலிக்காரருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. அன்றைய கூலியும் போச்சு.

மனசு விஷயம் பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை. குண்டுவீச்சையும் கடலையும் பார்த்தவர்களுக்குத் தூக்கமின்மை, திடீர் படபடப்பு, அதை மறக்கக் குடி... இதையெல்லாம் 'நரம்புத் தளர்ச்சி' என்று சத்து ஊசி போட்டு அனுப்பினால் சரியாகாது. 1984-ல் அகதிகளே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்வாசிகளுக்கே பயிற்சி தந்து சுகாதாரத் தொண்டர்களாக்கியது. ஊர் பாஷையிலேயே கேட்க ஆள் இருந்தால் பாதி விஷயம் வெளியே வந்துவிடுகிறது. தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அரசு அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும் அதில் ஒன்று. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனதும் அப்போதுதான். பெயர் ஒரே நாளில் மாறியது. வீடுகள் மாறத்தான் நாள் பிடிக்கிறது.

ஒரு விஷயம் இன்னும் பலருக்குத் தெரிவதில்லை. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், பதிவு பெற்ற முகாமில் இருப்பவர்கள் வருமான வரம்பு இல்லாமலே சேரலாம். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அவசரம் வந்தபிறகு ஓடாமல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் முகாம் அடையாள அட்டையோடு இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பாட்டியைக் கூட்டிப்போகும்போது பேரப் பிள்ளைகளும் உடன் போகலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுக்கு வருத்தமும் தெரியும், 'உடம்பு சரியில்லை'யும் தெரியும்.