கதவுக்குப் புதுத் துணி

சிங்கப்பூரில் 10 ஆண்டு ஓடிய காரை வைத்துக்கொள்ள சிஓஇயைப் புதுப்பிக்க வேண்டும். கடந்த மூன்று மாத விலையின் சராசரியைக் கட்டினால் இன்னொரு 10 ஆண்டு, பாதியைக் கட்டினால் 5. அப்பா 10 ஆண்டுக்கே கட்டிவிட்டார். எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. கதவின் உட்பக்கத் துணிதான் உப்பித் தொங்கியது. பட்டறைக்கு மேலும் செலவழிக்க அப்பாவுக்கு மனமில்லை.

பசை விட்டுப்போனதாகத்தான் பலரும் நினைப்போம். உண்மையில், துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஸ்பாஞ்ச் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் பொடிந்துபோகிறது. ஸ்டூடியோவில் நான் மாட்டும் ஹெட்ஃபோன் மெத்தை உதிர்வதும் இப்படித்தான். அந்தப் பொடியைச் சுரண்டாமல் எந்தப் பசை பூசினாலும் நிற்காது.

சனிக்கிழமை தம்பியும் நானும் இறங்கினோம். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த திருகாணிகளைக் கழற்றி, பிளாஸ்டிக் பட்டையால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முகக்கவசத்தோடு சுரண்டவே பாதி நாள் போனது. (கூடமெங்கும் மஞ்சள் தூள், அம்மா வாய் திறக்கவில்லை, பார்வையே போதும்.) தேக்காவில் ரவிக்கைத் துணிக்குப் பஞ்சமில்லை, ஆனால் இதற்கு ஆகாது. ஸ்பாஞ்ச் ஒட்டியே வரும் கார்த் துணிதான் வேண்டும். ஜன்னல்களைத் திறந்துவைத்து, சூடு தாங்கும் பசையைப் பலகையிலும் துணியிலும் பூசி, விரலில் ஒட்டாத பதத்துக்கு உலரவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி அழுத்தினோம்.

முன்கண்ணாடியோரத் தூண்களின் உறையை மட்டும் தொடவில்லை. பல கார்களில் அதன் பின்னால் ஏர்பேக் மடிந்திருக்கும். மேலே இழுத்து ஒட்டும் துணி அது விரியும் வழியை மறித்துவிடலாம். அதைத் தொழில் தெரிந்தவரிடம்தான் விட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மற்ற மூன்று கதவுகள் அடுத்த மாதம்.