கண்ணாடியிழைப் படகு

நீரிற் செல்லும் கலத்திற்குக் கடன்கள் இரண்டு. ஏறினோரைக் கரை சேர்த்தல் ஒன்று. தன் காலம் முடிந்தபின் கரைக்குக் கேடு செய்யாது நீங்குதல் மற்றொன்று. தமிழகக் கடற்கரையின் கட்டுமரம் இவ்விரண்டையும் எளிதில் ஆற்றியது. கடலினின்று மீண்டதும் அதன் மரங்களைப் பிரித்து உலர்த்துவர். பழுதுற்ற மரம் அடுப்பெரிக்க உதவும். அன்றேல் மக்கி மண்ணாகும். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் மிகப் பெருகின. செவ்வனே கட்டப்பெற்றால் அவை முதற்கடனை நன்கு ஆற்றும். இரண்டாவது கடனே அவற்றிற்கு அரிதாக உள்ளது.

இப்படகைக் கட்டுவோர், அச்சினுள் கண்ணாடியிழைப் பாயை விரித்துப் பாலியெஸ்டர்ப் பிசினைத் தோய்த்து, அடுக்கின்மேல் அடுக்காக அமைப்பர். பிசின் இறுகியதும் இரண்டும் ஓருடலாகும். இழை வலிமை தரும். பிசின் இழைகளைப் பிணித்து நிறுத்தும். இவ்வுடல் துருப்பிடிப்பதில்லை, மரத்தைப்போல் செல்லரிப்பதுமில்லை.

எத்தனை அடுக்குகள் வேண்டும்? மெலிந்த அடித்தளம் அலையில் பிளந்தால் உயிர்கள் அழியும். ஆதலின் கைப்பழக்கம் மட்டும் போதாது. 24 மீட்டர் நீளம் வரையுள்ள சிறு கலங்களின் உடற்கட்டிற்கெனப் பன்னாட்டுத் தர அமைப்பு 12215 என்னும் எண்ணுடைய நெறிகளை வகுத்துள்ளது. அந்நெறிகளின்படி, முதலில் நீரின் அழுத்தம் கணிக்கப்படும். விரைந்து செல்லும் படகில் அஃது அடித்தளத்திற்கு மிகுதி. பக்கச் சுவருக்குக் குறைவு. அடுத்து, தாங்கு சட்டங்களின் இடைவெளி நோக்கப்படும். நீண்ட பலகையின் நடுவில் ஒருவர் நின்றால் அது வளைகிறது. நடுவே முட்டுக் கொடுத்தால் வளைவு குறைகிறது. அவ்வாறே சட்டங்களின் இடைவெளியைப் பாதியாக்கினால், அதே அழுத்தத்தைத் தாங்கும் வலிமைக்கு ஏறத்தாழப் பாதித் தடிப்பே போதும். மூன்றாவதாக, இழைக்கும் பிசினுக்கும் உள்ள அளவு நோக்கப்படும். பிசின் மிகுந்தால் படகு கனக்குமேயன்றி வலுக்காது.

இக்கணக்கு உயிரைக் காப்பதோடு சுற்றுப்புறத்தையும் காக்கிறது. பிசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி தொழிலாளரின் கண்ணையும் மூச்சையும் வருத்தும். வீணாகும் பிசின் குறைந்தால் அவ்வாவியும் குறையும். எடை குறைந்த படகிற்கு எரிபொருளும் குறைவாகவே வேண்டும்.

எனினும் முடிவில் ஓர் இடர் நிற்கிறது. இறுகிய இப்பிசின் இரும்பைப்போல் மீண்டும் உருகாது. திறந்த வெளியில் எரித்தால் நச்சுப்புகை எழும். கரையில் கைவிட்டால் வெயிலாலும் அலையாலும் சிதைந்து, நுண்துகள்களாய்க் கடலிற் கலக்கும். ஜெர்மனியில் இத்தகைய கழிவைச் சிமெண்டுச் சூளையில் இடுகின்றனர். பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடி சிமெண்டில் சேர்கிறது. பிரான்சு நாட்டில் 2019 முதல், உல்லாசப் படகுகளை உருவாக்கி விற்போரே பழம்படகுகளைப் பிரித்தழிக்கும் செலவிற்குப் பொறுப்பேற்கின்றனர்.

ஆகவே, படகு எவ்வளவு காலம் உழைக்கும் என்பதோடு, உழைத்தபின் எங்கே செல்லும் என்பதையும் எண்ணிக் கட்டுதல் வேண்டும். கடலை நம்பி வாழ்வோர்க்குப் படகு உறுதியாயிருந்தால் மட்டும் போதாது. கடலும் தூயதாயிருத்தல் வேண்டும்.