படகில் ஏறுமுன்

விடுமுறை நாளில் ஒரு தடவை நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போய்ப் பாருங்கள். புதுவையிலிருந்து கடலூர் சாலையில் எட்டுக் கிலோமீட்டர் தூரந்தான். சுண்ணாம்பாறு கடலோடு கலக்குமுன் அகன்று தயங்கி நிற்கிற இடம் அது. கரையில் தென்னை, எதிரே பசுமையான ஜலம், முகத்துவாரத்து மணல் திட்டுக்குப் படகுகள் போவதும் வருவதுமாக இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்து இறங்கிவிட்டால் கேட்க வேண்டுமா? படகின் முனையில் யார் உட்காருவது என்பதற்காகத் துறையிலேயே ஒரு பானிப்பட்டு யுத்தம் நடந்துவிடும்.

பிள்ளைகளை ஜலத்தின் பக்கமே அழைத்துப் போகக்கூடாது என்று சொல்லுகிறவர்களின் கட்சியில் நான் இல்லை. கடற்கரை ஊரிலே பிறந்தவன் துடுப்பைத் தொடாமலே வளர்ந்தான் என்றால் அது நமக்குப் பெருமையல்ல. சாரணர் கூட்டமும், தேசிய மாணவர் படையின் கடற்பிரிவும் இளைஞரை ஜலத்தில் பழக்குவது நல்ல காரியமே. ஆனால் இருபது வருஷமாகப் பிள்ளைகளை உல்லாசப் பிரயாணம் அழைத்துச் செல்லும் உபாத்தியாயன் என்ற முறையில், இரண்டு தேதிகளை மறக்க முடியாமல் இருக்கிறேன்.

2007 பிப்ரவரி 20. கேரளத்துத் தட்டேக்காட்டில் பெரியாற்றின்மீது சென்ற படகு மூழ்கி, சுற்றுலா வந்த பள்ளியின் 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் மாண்டார்கள். 2024 ஜனவரி 18. குஜராத்தில் வதோதரா நகரின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மாண்டார்கள். நடுக்கடலில் நேர்ந்தவை அல்ல இவை. ஓர் ஆறு, ஓர் ஊர் ஏரி. இரண்டிலும் படகு தாங்கக்கூடியதற்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். ஹர்ணியில் பெரும்பாலோருக்கு மிதவைச் சட்டை, அதாவது படகுக்காரர் சொல்லும் 'லைப் ஜாக்கெட்', இல்லை.

படகில் ஆள் அதிகமானால் என்ன நேரும்? விளிம்புக்கும் ஜலத்துக்கும் இடையே உள்ள உயரம் குறையும். சிறு ஆட்டத்திலேயே நீர் உள்ளே வரும். வந்த நீர் ஓரிடத்தில் நிற்காது. படகு சாயும் பக்கமே ஓடி, இன்னும் சாய்க்கும். அதே வேளையில் பிள்ளைகள் பயந்து எழுந்து நின்றால் பாரம் மேலேறிவிடுகிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரட்டைத் தட்டுப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டார்களே, விலங்குகளைப் பார்க்கும் ஆவலில் பிரயாணிகள் ஒரே பக்கம் நகர்ந்தபோது அது சாய்ந்தது என்றே செய்தி வந்தது. ஆகையால் எத்தனை பேர் என்பது மட்டுமல்ல, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமலிருப்பதும் முக்கியம். இதைப் பிள்ளைகளுக்குக் கரையிலேயே சொல்லிவிட வேண்டும். நடு ஆற்றில் சொன்னால் யார் காதில் விழும்?

மிதவைச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜலத்தில் மனித உடல் தானே ஏறக்குறைய மிதக்கக்கூடியது. முகத்தை மேலே நிறுத்தச் சில கிலோ தூக்குவிசை போதும். 50 நியூட்டன் சட்டை நீந்தத் தெரிந்தவனுக்குத் துணை. நினைவிழந்தவனை மல்லாத்தி முகத்தை மேலே கொண்டுவர 100 நியூட்டனாவது வேண்டும். பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால், சட்டை மிதக்கும், குழந்தை கீழே நழுவிவிடும். சோதித்துப் பார்ப்பது சுலபம்: பட்டைகளையெல்லாம் பூட்டி, தோள் பக்கத்தைப் பிடித்து மேலே தூக்குங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது அந்தக் குழந்தைக்கு உரியதல்ல.

இவ்வளவும் எழுதுகிற நான் ஆதியிலிருந்தே ஜாக்கிரதைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரின் ஏரியில் முப்பது பிள்ளைகளோடு நின்றேன். மூலையில் குவிந்திருந்த சட்டைகளில் பாதிக்குக் கொக்கி இல்லை. "பத்து நிமிஷந்தானே ஸார், ஒன்றும் ஆகாது" என்றார் படகுக்காரர். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தேன். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். சௌக்கியமாகத்தான் திரும்பினோம். ஆனால் அந்தப் பத்து நிமிஷமும் நான் ஏரியைப் பார்க்கவில்லை, தலைகளையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடலில் இறங்குவதானால் காற்றையும் பார்க்க வேண்டும். நம் கரையில் காலையில் வீசுவது நிலக்காற்று. கரையோரம் ஜலம் அமைதியாகத் தோன்றும், ஆனால் சிறு படகை வெளியே தள்ளிக்கொண்டு போகும். இங்கிலாந்தில் லைம் விரிகுடாவில் 1993 மார்ச் 22 அன்று சிறு தோணிகளில் சென்ற மாணவர் கூட்டத்தைக் காற்று அப்படித்தான் வெளியே இழுத்தது, நால்வர் மாண்டார்கள். திரும்பும் நேரம் தாண்டியும் நெடுநேரம் கரைக்காவலுக்குச் செய்தி போகவில்லை. அதன் விளைவாக, இளைஞருக்குச் சாகசப் பயிற்சி நடத்துவோர் உரிமம் பெற வேண்டுமென்று 1995ல் அங்கே சட்டம் வந்தது. நம் தேசத்திலும் படகுப் பாதுகாப்புக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017ல் நெறிமுறைகள் வெளியிட்டது. உள்நாட்டுக் கலங்களுக்கு 2021ல் புதிய சட்டமும் வந்தது. காகிதத்தில் குறைவில்லை.

நம் முன்னோர் இதற்குக் காகிதம் வைத்திருக்கவில்லை. துறைமுகம் இல்லாத காலத்தில் புதுவைக்கும் சென்னைக்கும் வந்த கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். கயிற்றால் தைத்த சலங்குகளே ஆட்களை அலை தாண்டிக் கரை சேர்த்தன. சென்னைக் கரையில் சலங்கோடு கூடவே கட்டுமரங்கள் செல்வதுண்டு. கவிழ்ந்தால் விழுந்தவரை எடுக்கத்தான். இன்று இருபது பிள்ளைகள் ஏறும் படகுக்குப் பின்னால் ஆளில்லாமல் ஒரு காவல் படகு எங்கே வருகிறது? அதை நடத்துவோரிடம் கேட்டால் செலவைச் சொல்லுகிறார்கள்.

சென்ற வருஷம் உல்லாசப் பிரயாணத்துக்குச் சம்மதம் கேட்டு வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினேன். ஒரு தாயார் மட்டும் கையெழுத்துப் போடாமல் சீட்டொன்று எழுதி அனுப்பினார்: படகில் எத்தனை பேர் ஏறலாம்? என் பெண்ணின் அளவுக்குச் சட்டை உண்டா? நீந்தத் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர் கூட வருகிறீர்கள்? காற்று அதிகமானால் திரும்புவதென்று தீர்மானிப்பவர் யார்?

பதில் எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒரு சாயங்காலம் படகுத்துறைக்குப் போய், சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினேன்.