மண்டைக்குள் ஒரு சில்லு, கண்முன் ஒளிப்புள்ளிகள்

ஸ்பெயினின் எல்ச்சே நகரில் ஒரு பெண்மணி. வயது 57. பள்ளியில் உயிரியல் கற்பித்தவர். பார்வை நரம்புகள் பாழாகி, 16 ஆண்டுகளாக எதையும் பார்க்காதவர். மிகெல் எர்னாண்டஸ் பல்கலைக்கழகத்தில் எதுவார்தோ பெர்னாண்டஸ் தலைமையிலான குழு, அவருடைய மூளையின் பின்பகுதியில் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சில்லைப் பொருத்தியது. அதில் ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்ணூசிகள் நூறு. பயிற்சிக்குப் பிறகு சில ஆங்கில எழுத்துகளின் வடிவத்தை அவர் அடையாளம் கண்டார். 2021இல் இந்த ஆய்வு வெளியானது. முன்பே வகுத்த திட்டப்படி, ஆறு மாதத்தில் சில்லு அகற்றப்பட்டது.

நாம் பார்ப்பது கண்ணால் மட்டும் அல்ல. விழித்திரையில் விழும் ஒளி மின்சமிக்ஞையாக மாறி, பார்வை நரம்பு வழியே பின்மண்டையிலுள்ள மூளையின் மேலடுக்கான பார்வைப் புறணிக்குப் போகிறது. அங்குதான் காட்சி உருவாகிறது. கண்ணும் நரம்பும் அழிந்துபோனாலும், ஒருகாலத்தில் பார்த்துப் பழகிய அந்தப் புறணி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. அங்கே மெல்லிய மின்சாரம் பாய்ந்தால் இருட்டில் ஓர் ஒளிப்புள்ளி தோன்றும். மூக்குக் கண்ணாடியில் கேமரா, அதன் படத்தை மின்துடிப்பாக மாற்றும் கணினி, மூளையில் மின்முனைகள் என்பதே இக்கருவிகளின் அமைப்பு.

யோசனை பழையது. ஜைல்ஸ் பிரிண்ட்லியும் வால்போல் லெவினும் 1968லேயே இங்கிலாந்தில் பார்வையிழந்த ஒரு பெண்ணின் மூளைமேல் 80 மின்முனைகளைப் பதித்த ஆய்வை வெளியிட்டுவிட்டார்கள். ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. ஆனால் புள்ளிகள் தெரிவதற்கும் முகம் தெரிவதற்கும் இடையிலுள்ள தூரத்தை இன்னும் எவரும் கடக்கவில்லை. பல மின்முனைகளை ஒரேசமயம் இயக்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்புகின்றன. அமெரிக்காவின் பேலர் மருத்துவக் கல்லூரிக் குழு 2020இல் இதற்கு அழகான ஒரு வழி கண்டது. உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவதுபோல, மின்முனைகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கி எழுத்தை மூளைமேல் வரைந்தார்கள். பார்வையற்றவர்களும் அதைப் படித்துச் சொன்னார்கள்.

பிறவியிலேயே பார்வையற்றவர்கள் நிலை வேறு. அவர்களுடைய பார்வைப் புறணி சிறுவயது முதலே தொடுதல், கேட்டல் போன்ற வேலைகளுக்குத் திரும்பியிருக்கும். அவர்களாலும் பார்க்க முடியும் என்கிறார் நியூராலிங்க் நிறுவனத்தின் இணை நிறுவனர் ஈலான் மஸ்க். அதற்கு இதுவரை சான்று இல்லை. அந்நிறுவனத்தின் 'பிளைண்ட்சைட்' கருவிக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அளித்தது, பரிசீலனையை விரைவுபடுத்தும் ஒரு தகுதி மட்டுமே. விற்பனை அனுமதி அல்ல.

தொழில்நுட்பத்தைவிடக் கவலை தருவது வேறொன்று. வில்லியம் டோபெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2002இல் போர்ச்சுகலின் லிஸ்பனில் பலருக்கு மூளைக் கருவி பொருத்த ஏற்பாடு செய்தார். அவர்களில் ஒருவர் வாகன நிறுத்துமிடத்தில் மெதுவாகக் காரே ஓட்டிக் காட்டினார். 2004இல் டோபெல் இறந்தார். கருவிகளைப் பராமரிக்க ஆள் இல்லாமல் போயிற்று.

இதற்குப் பிறகும் யாரும் பாடம் கற்கவில்லை. செகண்ட் சைட் நிறுவனத்தின் 'ஆர்கஸ் 2' மூளையில் அல்ல, விழித்திரையில் பொருத்தும் கருவி. அமெரிக்காவில் 2013இல் அனுமதி பெற்று, உலகெங்கும் சுமார் 350 பேருக்குப் பொருத்தப்பட்டது. நிறுவனம் அதை 2019இல் கைவிட்டது. 2020இல் திவாலாகும் நிலைக்கே போனது. உதிரிபாகம் இல்லை, பழுதுபார்க்க ஆளில்லை. அதே நிறுவனத்தின் 'ஓரியன்' மூளைக் கருவியைச் சோதனைக்காகப் பொருத்திக்கொண்ட ஆறு பேரும் கவலையில் ஆழ்ந்தார்கள். இருட்டிலிருந்து சிறிதளவு வெளிச்சம் பெற்ற ஒருவர், நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தால் மீண்டும் இருட்டுக்குத் தள்ளப்படுவது பெரும் கொடுமை.

மண்டையைத் திறந்து செய்யும் அறுவைக்கு மனிதர்கள் முன்வருவது மருத்துவத்தின்மேல் வைத்த நம்பிக்கையால். வலிப்பு, தொற்று ஆகிய ஆபத்துகளை ஏற்றுக்கொண்டுதான் அவர்கள் வருகிறார்கள். ஆகவே, கருவியைப் பொருத்த அனுமதி கேட்கும் எந்த நிறுவனமும், தான் மூடப்பட்டாலும் அதைப் பராமரிக்கவோ பாதுகாப்பாக அகற்றவோ தேவையான பணத்தை முன்கூட்டியே தனி நிதியாக ஒதுக்க வேண்டும். அனுமதி வழங்கும் அரசுகள் இதைச் சட்டமாக்க வேண்டும்.