சிறிய கைபேசியும் பெரிய இயங்குதளமும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் கையிலும், பொதட்டூர்ப்பேட்டைத் தறியில் அமரும் நெசவாளர் கையிலும், ஊத்துக்கோட்டைப் பக்கத்து உழவர் கையிலும் இன்று விலை குறைந்த கைபேசியொன்று இருக்கிறது. கூலிப் பணம் வந்து சேர்வதும் நூலுக்குப் பணம் செலுத்துவதும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. இத்தகைய கைபேசிகள் பலவற்றில் இருப்பது ஆண்ட்ராய்டு கோ எனப்படும் இலகுவான இயங்குதளம். அதனை நீக்கி முழு ஆண்ட்ராய்டை ஏற்றிக்கொள்ளலாமா என்னும் கேள்வி அங்கத்தினரிடையே எழுவது இயற்கையே. அதுபற்றிச் சிறிது விளக்க விரும்புகிறோம்.

முதலாவதாக, கோ என்பது தரம் தாழ்ந்த பொருளன்று. அதுவும் ஆண்ட்ராய்டுதான். 1 ஜிபி அல்லது அதற்கும் குறைந்த ராம் நினைவகமுள்ள கைபேசிகளும் தடையின்றி நடைபெற வேண்டும் என்னும் நோக்குடன் கூகுள் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் இதனை அறிவித்தது. உடன் வரும் செயலிகள் ஏறக்குறைய பாதி இடத்தையே கொள்ளுமாறு சுருக்கப்பட்டன. நினைவகத்தை மிகுதியாக உண்ணும் சில வசதிகள் நிறுத்தப்பட்டன. திரையை இரண்டாகப் பகுத்து இரு செயலிகளை ஒருங்கே காண்பது அவற்றுள் ஒன்று.

நம் அண்டையில் தயாரான கைபேசியொன்றையே உதாரணமாகக் கொள்வோம். திருப்பதியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உற்பத்தியான ஜியோபோன் நெக்ஸ்ட், 2021ஆம் ஆண்டு தீபாவளியன்று 6,499 ரூபாய் விலையில் வெளிவந்தது. அதன் ராம் 2 ஜிபி. சேமிப்பிடம் 32 ஜிபி. இதில் அமைந்த பிரகதி என்னும் இயங்குதளமும் இலகுவாக்கப்பட்ட ஆண்ட்ராய்டே. 2 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த ராம் உடைய புதிய கைபேசிகள் கோ அமைப்புடனேயே வெளிவர வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு 11 வந்தபோது கூகுள் வகுத்த விதி.

இனி, நிறுவனமே அனுப்பும் புதுப்பிப்பு வேறு, நாமே செய்யும் மாற்றம் வேறு என்பதை உணர்தல் வேண்டும். 2018இல் வந்த நோக்கியா 1 கைபேசி, ஆண்ட்ராய்டு 8இலிருந்து 9க்கும், பின்னர் 10க்கும் முறையாக உயர்ந்தது. ஆயினும் ஒவ்வொரு முறையும் கோ பதிப்பாகவே இருந்தது. எண் உயர்ந்ததேயன்றி அமைப்பு மாறவில்லை. 1 ஜிபி ராம் 1 ஜிபியாகவே இருந்ததே அதற்குக் காரணம். அகலம் குறைந்த தறியில் அகலமான சேலையை நெய்ய இயலுமா? பாவை மாற்றினால் தறி அகன்றுவிடாது.

கடைக்காரர் சிலர் முழுப் பதிப்பை ஏற்றித் தருவதாகக் கூறலாம். அவ்வேலைக்கு முதலில் பூட்லோடர் என்னும் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தவுடன் கைபேசியிலுள்ள படங்கள், கணக்குகள் யாவும் அழிந்துபோகும். பொருந்தாத பதிப்பை ஏற்றினால் கைபேசி உயிர்பெறாமலே போகவும் கூடும். நிறுவனத்தின் உத்தரவாதம் கைவிட்டுப் போகலாம். பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் தாமே வந்து சேரா. இவை அனைத்தினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. மாற்றியமைக்கப்பட்ட கைபேசியை வங்கிச் செயலிகளும் யு.பி.ஐ. செயலிகளும் பல சமயங்களில் ஏற்க மறுக்கின்றன. பணம் பெறும் கருவி பயனற்றுப்போனால் திரை அழகாயிருந்து என்ன பயன்?

ஆகவே அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது இதுதான். கைபேசியின் அமைப்புப் பகுதியில் ராம் எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். 2 ஜிபி அல்லது அதற்குக் குறைவாயின், உள்ள இயங்குதளத்தையே வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் அனுப்பும் புதுப்பிப்புகளை மட்டும் தவறாது ஏற்றுங்கள். பயன்படாத செயலிகளை நீக்கி, படங்களை வேறிடத்திற்கு மாற்றினால் வேகம் ஓரளவு கூடும். சோதித்துப் பார்க்க ஆவலுள்ள இளைஞர்கள், வங்கிக் கணக்குச் சேராத பழைய கைபேசியில் செய்து பார்க்கட்டும், அதனால் குற்றமில்லை. முழு ஆண்ட்ராய்டு அவசியமென்று தோன்றுவோர், இப்போதுள்ள கைபேசி தேயும்வரை பொறுத்திருந்து, அடுத்த முறை வாங்கும்போது முழு ஆண்ட்ராய்டு உள்ளதைக் கேட்டு வாங்குவதே சிக்கனமாகும்.