விடியலுக்குக் காத்திருக்கும் விளையாட்டுத் திடல்

ஹஜ்ஜுப் பெருநாள் விடுப்போடு மேலும் சில நாள்களைச் சேர்த்துக்கொண்டு 2024 ஜூன் மாதம் நான் நியூயார்க் புறப்பட்டபோது, லாத்தா என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருந்தார். அங்கே குயின்ஸ் பகுதியில் குடும்பத்தோடு வாழும் தம் மகனுக்கு நான் புத்திமதி கூற வேண்டும் என்பதே அது.

"நீ சொன்னால் கேட்பான் தம்பி. வீடு வாசல் இருக்க, காரிலே படுத்துக் கிடந்து பந்தடிக்கப் போகிறானாம். மருமகள் என்னிடம் சொல்லிக் குறைப்பட்டாள்."

கோல்ஃப் என்றதும் என் மனக்கண்ணில் தோன்றியது ஒன்றே. உயர்ந்த மதிற்சுவர், சீருடைக் காவலாளி, பரம்பரை உறுப்பினர்கள், பையைச் சுமந்து பின்னால் ஓடும் ஏழைச் சிறுவன். வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற வீண் பெருமைகளுள் ஒன்று என்றே அவ்விளையாட்டை நான் எண்ணியிருந்தேன். நம் வீட்டுப் பிள்ளைக்கு இது எதற்கு எனும் கேள்வியோடுதான் விமானம் ஏறினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு மருமகன், "மாமா, நீங்களும் வாருங்கள். பார்த்துவிட்டுப் பிறகு திட்டுங்கள்" என்றார். தம் தாயார் என்னிடம் சொல்லியனுப்பியதை எப்படியோ அறிந்திருந்தார்.

முக்கால் மணி நேரப் பயணம். லாங் ஐலண்ட் எனும் நீண்ட தீவின் நடுவே, ஃபார்மிங்டேல் என்னும் ஊரையொட்டி அமைந்துள்ளது பெத்பேஜ் மாநிலப் பூங்கா. பரப்பளவு ஏறத்தாழ 1,500 ஏக்கர். காடும் மேடும் புல்வெளியுமாகக் கிடக்கும் இந்நிலம் முழுவதும் நியூயார்க் மாநில அரசின் உடைமை. அதனுள் ஐந்து கோல்ஃப் திடல்கள். கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என வண்ணங்களே அவற்றின் பெயர்கள்.

பெத்பேஜ் எனும் பெயரைக் கேட்டதுமே என் செவி நிமிர்ந்தது. அரபு பயிற்றுவிப்பவனுக்கு 'பெத்' என்றால் 'பைத்' நினைவுக்கு வராமல் இருக்குமா? என் ஐயம் சரியே. 1695 ஆம் ஆண்டு தாமஸ் பாவெல் என்னும் குவேக்கர் சமயத்தவர் அத்தீவின் பூர்வ குடிகளிடமிருந்து இப்பகுதியை விலைக்கு வாங்கினார். அவர் நிலத்துக்கு ஒருபுறம் ஜெரிக்கோ, மறுபுறம் ஜெருசலம் எனக் குடியேறிகள் பெயரிட்ட இரண்டு ஊர்கள் இருந்தன. பாலஸ்தீனத்திலோ அவ்விரு நகரங்களுக்கும் இடையே, ஜைத்தூன் மலைச்சரிவில், பெத்ஃபகே எனும் சிற்றூர் உண்டு. அப்பெயரையே தம் நிலத்துக்குச் சூட்டினார் பாவெல். 'பழுக்காத அத்திக்காய்களின் வீடு' என்பது அதன் பொருள். பைத்துல் முகத்தஸின் அண்டை ஊர்ப் பெயர் ஒன்று அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்து கோல்ஃப் திடலின் வாயிலில் தொங்குவதை எண்ணிச் சற்று நேரம் வியந்து நின்றேன்.

நாங்கள் சென்றடைந்தபோது இரவு பத்து மணி கடந்திருந்தது. அவ்வாரம் நியூயார்க்கில் கடும் வெப்பம். வானில் முழுநிலா. வாகனம் நிறுத்துமிடத்தில் எண்ணிடப்பட்ட இடங்கள் வரிசையாக இருந்தன. முதலில் வரும் காருக்கு முதல் எண், அடுத்து வருவதற்கு அடுத்த எண். எங்களுக்கு முன்னரே பலர் வந்து சேர்ந்திருந்தனர். காருக்குள்ளேயே சிலர் உறங்கினர். சிலர் மடக்கு நாற்காலியில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தனர். விடியுமுன் பூங்கா ஊழியர் வந்து அவ்வரிசைப்படி சீட்டு வழங்குவார். அச்சீட்டு உள்ளோர் கட்டணம் செலுத்தி, கறுப்புத் திடலில் ஆடலாம். முன்கூட்டியே பதிவு செய்யும் முறையும் உண்டு. ஆனால் அவ்விடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடுகின்றன. ஆகவேதான் இந்த இரவுக் காத்திருப்பு.

"பணம் கூடுதலாகக் கொடுத்து முன்னே போக முடியாதா?" என்று கேட்டேன்.

"இந்த வரிசையில் அது நடக்காது மாமா. மருத்துவரானாலும் மேஸ்திரியானாலும் காரில்தான் படுக்க வேண்டும்" என்றார் மருமகன்.

இந்த ஒரு சொல்லே என் முன்முடிவை முதலில் அசைத்தது.

இந்நிலத்தின் கதையை அவர் இரவெல்லாம் கூறினார்; மறுநாள் நானும் விசாரித்து அறிந்தேன். பெஞ்சமின் யோக்கம் எனும் இரயில்வே செல்வந்தர் 1912 இல் இங்கே பெரும் பண்ணை நிலம் வாங்கினார். 1923 இல் ஒரு கோல்ஃப் திடலையும் அமைத்துத் தனியார் சங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டார். 1929 இல் அவர் காலமானார். அவ்வாண்டே அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அந்நாளில் லாங் ஐலண்ட் மாநிலப் பூங்கா ஆணையத்தின் தலைவராயிருந்த ராபர்ட் மோசஸ் என்பார், செல்வந்தரின் பண்ணையையும் தனியார் திடலையும் அரசுக்காக வாங்கச் செய்து, மேலும் மூன்று திடல்களை அமைக்கத் திட்டமிட்டார். மண்ணை வெட்டியவர்களும் மரத்தைச் சாய்த்தவர்களும் யார்? வேலையிழந்து அரசின் நிவாரணப் பணியில் சேர்ந்த 1,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். கறுப்புத் திடல் 1936 இல் திறக்கப்பட்டது. ஐந்தாவதான மஞ்சள் திடல் 1958 இல் வந்தது.

திடலை வடிவமைத்தவராகச் சொல்லப்படுபவர் ஏ. டபிள்யூ. டில்லிங்காஸ்ட். பெருஞ் செல்வர்களின் சங்கங்களுக்குப் புகழ்மிக்க திடல்களை வரைந்து தந்தவர். பொருளாதார வீழ்ச்சியில் அவருக்கும் வேலை அற்றுப்போயிற்று. அரசுப் பணியாக இதனை ஏற்றார். இல்லை, பூங்காக் கண்காணிப்பாளர் ஜோசப் பர்பெக்கின் கைவண்ணமே இதில் மிகுதி என வாதிடுவோரும் உளர். அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. எனக்கோ, பெயர் எதிலும் பதியாத அந்தத் தொழிலாளர்களே மனத்தில் நின்றனர்.

மோசஸைப் பற்றியும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். கடற்கரைகளையும் பூங்காக்களையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட அவர், அவற்றுக்குச் செல்லும் பூங்காச் சாலைகளில் பேருந்துகளை அனுமதிக்கவில்லை. பாலங்களையே தாழ்வாகக் கட்டி, கார் வாங்க வசதியற்ற ஏழைகளையும் கறுப்பின மக்களையும் தடுத்தார் என்று ராபர்ட் காரோ 1974 இல் வெளியிட்ட வரலாற்று நூல் குற்றம் சாட்டுகிறது. பாலங்களின் உயரத்துக்கு அது காரணமன்று என மறுப்போரும் உண்டு. பேருந்துத் தடை மட்டும் மறுக்க முடியாதது. பொதுமக்கள் என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதை அந்தந்தக் காலத்து அதிகாரிகளே முடிவு செய்துவிடுகின்றனர் போலும்.

மூன்றரை மணிக்கு மேல் கழிப்பறைக் குழாயில் ஒளு செய்துகொண்டு, சுபுஹு நேரம் வந்ததும் காருக்கும் மரத்துக்கும் இடையே விரிப்பை விரித்துத் தொழுதோம். பக்கத்துக் காரில் வந்திருந்த பெரியவர் ஒருவர், எங்களைக் கண்டதும் தம் வானொலியின் ஒலியைத் தணித்தார். தொழுது முடித்ததும் "காப்பி வேண்டுமா?" என்று கேட்டுக் குடுவையை நீட்டினார். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரராம். பல்லாண்டுகளாக இவ்வரிசையில் கிடப்பவராம்.

சீட்டு கிடைத்தது. நால்வர் கொண்ட குழுவாகவே ஆட வேண்டும் என்பதால், தனித்து வருவோரை ஊழியர்கள் ஒன்றிணைத்து விடுகின்றனர். அன்று மருமகனுக்கு வாய்த்த தோழர்கள் அந்தத் தீயணைப்பு வீரர், குழாய் வேலை செய்யும் ஒருவர், சட்டம் பயிலும் கொரிய இளைஞர் ஒருவர். வேறெந்த இடத்திலும் இந்நால்வர் ஐந்தரை மணி நேரம் ஒன்றாக நடந்திருக்க மாட்டார்கள்.

கறுப்புத் திடலின் தொடக்க இடத்தில் புகழ்பெற்ற ஒரு பலகை தொங்குகிறது. இத்திடல் மிகமிகக் கடினமானது, தேர்ந்த திறனுடையோர்க்கு மட்டுமே இதனைப் பரிந்துரைக்கிறோம் என்று எச்சரிக்கிறது. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் எவரும் செல்வதில்லை. எச்சரிக்கைப் பலகையை வாழ்த்து மடல் போல் கொண்டாடும் மக்களை நான் அங்குதான் கண்டேன்.

இவ்விளையாட்டை அறியாத சகோதரிகளுக்காகச் சுருக்கமாகக் கூறுகிறேன். சிறு பந்தை மட்டையால் அடித்து, வெகு தொலைவிலுள்ள நான்கேகால் அங்குல அகலக் குழியில் விழச் செய்ய வேண்டும். மொத்தம் 18 குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவரே சிறந்தவர். கறுப்புத் திடலின் முழு நீளம் 7,400 கெஜத்துக்கும் அதிகம். மற்றத் திடல்களில் மின்வண்டியில் அமர்ந்து செல்லலாம். இங்கு நடந்தே தீர வேண்டும். வழியெங்கும் இடுப்புயரப் புல்லும், கிணறு போன்ற மணற்குழிகளும்.

நடுவர் எவரும் உடன் செல்வதில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. புதருக்குள் விழுந்த பந்தைத் தவறுதலாக அசைத்துவிட்டால், எவரும் பாராதபோதும் ஆடுபவரே தம் கணக்கில் ஓர் அடியைத் தண்டனையாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லோரும் அப்படிச் செய்கிறார்களா என்றால், மருமகன் சிரித்தார். ஒருவரோடு ஒன்பது குழி நடந்தால் அவர் எத்தகையவர் என்று தெரிந்துவிடும் என்றார்.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. பந்தயப் பணம் இவ்விளையாட்டில் ஆழ வேரூன்றியது. 'நாசா' எனும் மும்முனைப் பந்தயம், முதல் ஒன்பதுக்கும் பின் ஒன்பதுக்கும் முழு ஆட்டத்துக்கும் தனித்தனியே பணம் வைப்பது, 1900 அளவில் இதே நாசா மாவட்டத்துச் சங்கம் ஒன்றில் பிறந்ததுதான். "ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் மாமா. ஏன் என்று ஒருமுறை கேட்பார்கள், பிறகு கேட்க மாட்டார்கள்" என்றார் மருமகன்.

அவர்கள் ஆடச் சென்றபின் நான் சிறிது நேரம் சங்கக் கட்டடத்தருகே அமர்ந்தேன். பின்னர்க் காட்டுப் பாதையில் நடந்தேன். கருவாலி மரங்களின் நிழல், இடையிடையே அணில்கள், சைக்கிளில் செல்லும் குடும்பங்கள். இப்பகுதியின் குடிநீர் நிலத்தடியிலிருந்தே வருகிறது. புல்லுக்குத் தெளிக்கும் நஞ்சு நாளை குடத்து நீரில் கலக்குமே எனும் அச்சம் இங்கு நெடுநாளாக உண்டு. அதனால் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 முதல் இங்குள்ள பச்சைத் திடலில், பூச்சிமருந்தைக் குறைத்தும் அறவே தவிர்த்தும் புல் வளர்த்துப் பார்த்தனர். மிகக் குறைத்து வளர்க்க இயலும் எனத் தெரிந்தது. அறவே தவிர்ப்பதுதான் கடினமாயிற்று.

நண்பகலில் மருமகனின் மனைவி, பிள்ளைகளோடும் சோற்றுப் பாத்திரத்தோடும் பூங்காவின் உணவுத் திடலுக்கு வந்து சேர்ந்தார். மரத்தடியில் விரிப்பிட்டு அமர்ந்தோம். நான் மெல்லக் கேட்டேன், "உன் மாமியாரிடம் குறைப்பட்டாயாமே அம்மா?"

"விளையாட்டைப் பற்றி எனக்கொன்றுமில்லை மாமா" என்றார் அவர். "வாரம் முழுவதும் கணினி முன்னால் இருந்து முகம் வெளிறிப்போகிறவர், இங்கே வந்துவிட்டுத் திரும்பும்போது மனிதராக வருகிறார். ஆனால் நான் எங்கே போய் மனிதராக வருவது? இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? அதை மாமி காதில் போட்டேன். அது பந்தடிக்கிற கதையாக மாறிவிட்டது."

ஆடி முடித்து, கழுத்துத் துண்டு நனைய வந்து நின்ற மருமகன் இதனைக் கேட்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே வெகு நேரம் மௌனமாயிருந்தார். நானும் லாத்தா கொடுத்தனுப்பிய புத்திமதியை எடுக்கவில்லை. அதைவிட நேராக ஒன்று சொல்லப்பட்டுவிட்டது.

திரும்பும் வழியில் அவர்களாகவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தனர். மாதத்தில் ஒரே ஓர் இரவு வரிசை. மற்றொரு சனிக்கிழமை முழுவதும் பிள்ளைகள் தந்தையின் பொறுப்பு. அன்று அந்தப் பெண் தம் தோழியரோடு எங்கு வேண்டுமானாலும் செல்லலாம். ஊர் வந்து லாத்தாவிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் நீ ஒன்றுமே சொல்லவில்லையா?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார்.

இத்திடலில் உலகப் பெரும் ஆட்டங்களும் நடப்பதுண்டு. 2002 இல் அமெரிக்க ஓபன் போட்டி இங்கு வந்தது. அரசுப் பூங்கா ஒன்றுக்கு அப்போட்டி வந்தது பெரும் செய்தியாயிற்று. நான்கு நாள் ஆட்டத்தில், நிர்ணயித்த அளவைவிடக் குறைந்த அடிகளில் முடித்தவர் டைகர் வுட்ஸ் ஒருவரே. 2009 இல் மீண்டும் அதே போட்டி, 2019 இல் பி.ஜி.ஏ. போட்டி. நிறைவாக 2025 செப்டம்பரில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பை. ஐரோப்பா 15-13 எனும் கணக்கில் வென்றது. அம்மூன்று நாள்களில் ஒரு நாளைக்கு நுழைவுச் சீட்டு ஏறத்தாழ 750 டாலர். பார்வையாளர் சிலர் ஐரோப்பிய வீரர்களை, அவர்தம் குடும்பத்தாரையும் விடாமல், வாய்க்கு வந்தபடி ஏசியது உலகெங்கும் செய்தியாயிற்று.

மருமகன் செல்லவில்லை. அந்த ஞாயிறன்று தொலைபேசியில் பேசினார். நம் வரிப்பணத்துத் திடலை நாம் வெளியே நின்று பார்க்க 750 டாலரா என்று அலுத்துக்கொண்டார். அந்தத் தீயணைப்பு வீரரும் போகவில்லையாம். பின்னே எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"எங்கும் போகவில்லை மாமா. இன்று அவளுடைய முறை. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.