தறிகள் புகுந்த அரண்மனை

தென் இத்தாலியில், நேப்பிள்ஸுக்கு வடக்கே, கசெர்த்தா என்னும் நகர் உள்ளது. 1752-ல் அடிக்கல் நாட்டப்பெற்ற பேரரண்மனையால் அந்நகர் புகழ் பெற்றது. அதனைக் காண வருவோர் பலர், அருகே சான் லெயுச்சோ குன்றில் நிற்கும் சிறிய அரச மாளிகையைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர். நெசவாளர் முதலில் காணத்தக்கது அதுவே.

இது நேப்பிள்ஸ் மன்னர் நான்காம் பெர்டினாண்டின் வேட்டை மாளிகையாக இருந்தது. 1778-ல் அவருடைய மூத்த புதல்வன் குழந்தைப் பருவத்திலேயே மாண்டபின், மன்னர் அங்கு வசிப்பதை வெறுத்தார். பின்னர் அம்மாளிகையிலேயே பட்டாலை நிறுவப்பெற்றது. பிரான்செஸ்கோ கொல்லெச்சினி என்னும் கட்டடக் கலைஞர் அதனை விரிவாக்கினார். தொழிலாளருக்கு வரிசை வீடுகளும் எழுந்தன.

1789-ல் இக்குடியிருப்புக்கென மன்னர் தனிச் சட்டம் வகுத்தார். ஆறு வயதில் பிள்ளைகள் பள்ளி சேரவேண்டும், அம்மை குத்திக்கொள்ள வேண்டும், வரதட்சணை கூடாது, தந்தையின் சொத்தில் ஆண், பெண் இருபாலாருக்கும் சம பங்கு உண்டு. தகுதியினாலன்றி ஒருவருக்கொருவர் உயர்வு தாழ்வில்லை. தொழிலாளர் தம் வருவாயில் ஒரு சிறு பகுதியைத் தர்ம நிதிக்குச் செலுத்தினர். முதியோரும் நோயுற்றோரும் அதனால் ஆதரிக்கப்பெற்றனர்.

இன்று இம்மாளிகை பட்டுக் கண்காட்சிச் சாலையாக விளங்குகிறது. பழைய மரத் தறிகளையும், நீர்ச் சக்கரத்தால் சுழலும் பெரிய நூல் முறுக்கு இயந்திரங்களையும் அங்கே காணலாம். அரச குடும்பத்தினர் தங்கிய அறைகளும் அதே கட்டடத்தில்தான் உள்ளன. மன்னர் படுத்த கூரையின் கீழேயே நெசவாளர் நாடாவை ஓட்டினர் என்பது காண்போர் உள்ளத்தில் பதியும். 1997-ல் யுனெஸ்கோ நிறுவனம், கசெர்த்தா அரண்மனையுடன் இதனையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

எனினும் ஒன்றை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அச்சட்டம் நல்லதே, ஆயின் அது நெசவாளர் கூடி இயற்றியதன்று, மன்னர் அளித்தது. 1861-ல் இத்தாலி ஒன்றுபட்டு, அவ்வரச மரபு வீழ்ந்ததும், அச்சட்டமும் வலுவிழந்தது. ஆலையும் பிறர் கைக்கு மாறிற்று. ஒருவர் அருளால் வந்த உரிமை அவரோடு போய்விடக்கூடும். மாதந்தோறும் சிறு தொகை சேர்த்துத் தம்மில் வலியற்றோரைத் தாங்கிய வழக்கமோ, எந்நாட்டு நெசவாளரும் எக்காலத்தும் தாமே கைக்கொள்ளத்தக்கது. சங்கத்தின் பங்குத்தொகையைச் சுமையென எண்ணும் அங்கத்தினர் அத்தர்ம நிதியைச் சற்றே நினைத்துப் பார்ப்பாராக.